மீடியத்துக்கு நாள் தள்ளிப்போன கதை

எங்கள் கம்பெனியில் என் பெயர் மீடியம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பெண்கள் போடும் பேன்ட், சட்டை, கவுன் எல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. ஒரு டிசைனை ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் சாம்பிள் ரூமில் ஒன்றே ஒன்று தைப்பார்கள். அது மீடியம் சைஸில் இருக்கும். சின்ன சைஸ், பெரிய சைஸ் எல்லாவற்றையும் அந்த ஒன்றிலிருந்துதான் குறைத்தும் கூட்டியும் வெட்டுவார்கள். அதைப் போட்டுப் பார்க்க ஓர் உடம்பு வேண்டும் இல்லையா? அந்த உடம்பு நான்.

வேலை என்று பார்த்தால் சாம்பிள்களில் நூல் பிசிறு வெட்டுவதும் பட்டன் சரிபார்ப்பதும்தான். சேர்ந்த புதிதில், துணி வெட்டுவதற்கான அளவு அட்டை தயாரிக்கிற பேட்டர்ன் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டேப்பை எடுத்து மார்பு, இடுப்பு, தொடை எல்லாம் அளந்தார். "அச்சுல வார்த்த மாதிரி இருக்கியேம்மா!" என்றார். என் உடம்பை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என் கல்யாணத்தன்று என் சொந்த அக்காகூட "பரவாயில்லையே" என்றுதான் சொன்னாள். அன்றிலிருந்து சாம்பிள் ரூமில் எந்தத் துணி தைத்தாலும் கடைசி வார்த்தை என்னுடையது. மூலையில் தலையில்லாத டம்மி ஒன்று நிற்கிறது. மாஸ்டர் அதை மதிப்பதே இல்லை. "டேப் பொய் சொல்லும், டம்மி பொய் சொல்லும், மீடியம் பொய் சொல்லாது" என்பார். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரிப்பேன். உள்ளுக்குள் கிரீடம் வைத்த மாதிரி இருக்கும்.

இப்படி ஊர் உலகத்துக்கே அளவு சொல்கிற உடம்பு, வீட்டில் மட்டும் ஒரு விஷயத்தில் கை விரித்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் யாரோ ஒருவருடைய கட்டடத்தில், லிஃப்டின் அடிப்பள்ளத்தில் எண்ணெயும் கிரீஸுமாக நிற்பவர். அதிகம் பேச மாட்டார். மாதாமாதம் நான் அவருக்கு ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் அனுப்புவேன். "வந்துடுச்சு." அதற்கு அவர் பதில் போடுவதில்லை. சாயங்காலம் வரும்போது ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கி வருவார். நான் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று அதை அழுதுகொண்டே தின்பேன். எப்போதும் வெனிலாதான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது வேறு ருசி வாங்கியிருக்கலாம் இந்த மனுஷன்.

என் மாமியார் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். மகன் கையில் அந்தக் கப்பைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதுதான் அவருடைய ஆறுதல். மற்றவர்கள் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று வாயால் கேட்டுக் கொல்வார்கள். அத்தை சத்தத்தைக் குறைத்து என்னை அழவிடுவார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் டாக்டரம்மாவிடம் போனோம். எங்கள் இரண்டு பேருக்கும் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை என்றார். கிளம்பும்போது என்னிடம், "கொஞ்சம் வெயிட் குறைஞ்சா இன்னும் நல்லது. பெரிசா ஒண்ணும் வேண்டாம். ரெண்டு மூணு கிலோ. தினம் கொஞ்ச நேரம் நடங்க" என்றார்.

கொஞ்சம் என்பது என் சுபாவத்திலேயே கிடையாது. பாத்திரம் தேய்க்கச் சொன்னால் அடியில் ஓட்டை விழும்வரை தேய்க்கிற ரகம் நான். ரெண்டு மூணு கிலோ குறைந்தால் நல்லது என்றால், பத்து கிலோ குறைந்தால் இரட்டைக் குழந்தையே பிறக்கும் என்று கணக்குப் போட்டேன். அன்று சாயங்காலமே எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிவந்து குளியலறை வாசலில் வைத்தேன்.

காலையில் ஒரு முட்டை. அதிலும் வெள்ளை மட்டும். மஞ்சள் கரு வீட்டுக்காரருக்கு. என் தவத்தின் பலனாக அவர் கன்னம் பளபளத்தது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் வெள்ளரிக்காயும் கேரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற தையல்காரிகள் சோற்றைப் பிசையும்போது நான் கரக் கரக் என்று கடிப்பேன். ராத்திரி ஒரு கிண்ணம் சூப். அது சூப் இல்லை, காய்கறி குளித்த தண்ணீர்.

வேலை முடிந்ததும் ஜிம். மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே கண்ணாடிக்குள் அத்தனை மெத்தை காலியாகக் கிடக்கும். மேலே நான் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருப்பேன். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் பம்பரம். ஒரு நிமிஷம் சும்மா நிற்க மாட்டாள். "வலிக்குதாக்கா? சூப்பர்க்கா!" என்பாள். எனக்கும் வலித்தால்தான் திருப்தி. ஜிம் முடிந்ததும் பஸ்ஸில் பாதி வழியிலேயே இறங்கி வீடுவரை நடப்பேன். எங்கள் கட்டடத்தில் படியேறித்தான் போவேன். லிஃப்டைத் தொடுவதில்லை என்று சபதம்.

"ஊரே என் லிஃப்ட்ல போகுது, என் பொண்டாட்டி மட்டும் படியில வர்றா" என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

"உங்க லிஃப்ட் மேல சந்தேகம் இல்லைங்க. என் தொடை மேலதான்" என்றேன்.

எடை இறங்கியது. காலையில் மெஷினில் ஏறுவதற்கு முன்னால் தோட்டைக் கழற்றுவேன். முள் நான் எதிர்பார்த்த இடத்துக்கு வராவிட்டால் மூக்குத்தியையும் கழற்றிவிட்டு இன்னொரு தடவை ஏறுவேன். பாத்ரூம் போய்விட்டு வந்து மூன்றாவது தடவை. இவ்வளவு அக்கறையாக நான் பரீட்சைக்குப் படித்திருந்தால் இன்று யாருக்காவது மேனேஜராக இருந்திருப்பேன்.

தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. ஷாம்பு சரியில்லை என்று ஷாம்புவை மாற்றினேன். எல்லோரும் விசிறிக்குக் கீழே இடம் தேடும்போது எனக்குக் குளிரில் பல் கிட்டியது. ஜன்னல்தான் சரியாக மூடவில்லை என்றேன். தூக்கம் போனது. கொஞ்சம் கண் அசந்தால் வெண்ணெய் தடவிய ரொட்டி கனவில் வந்தது. யார் எது சொன்னாலும் எரிந்து விழுந்தேன். அத்தை ஒருநாள் "கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டதற்கு, "என்னைக் கெடுக்கணும்னே இருக்கீங்களா?" என்று கத்திவிட்டு, பால்கனிக்குப் போய் நின்று அந்த வறுவலை நினைத்து அழுதேன்.

பிறகு ஒரு மாதம் எனக்கு வருவது பெயருக்கு வந்து போனது. அடுத்த மாதம் வரவே இல்லை.

நாள் தள்ளிப்போனது!

எந்தப் பெண் இந்த வார்த்தைக்காக இத்தனை வருஷம் தவம் கிடந்தாளோ அவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மருந்துக்கடையில் டெஸ்ட் வாங்கி வந்து பார்த்தேன். ஒரே ஒரு கோடு. இல்லை என்று அர்த்தம். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டினேன். வேறு கடையில் வாங்கினேன். அங்கேயும் ஒரு கோடு. இன்னும் நாளாகவில்லை, அவசரப்படுகிறேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். குளியலறை விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் குச்சியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, இரண்டாவது கோடு லேசாகத் தெரிகிறதா என்று தேடினேன். தேடினால் எதுவும் தெரியும். தெரிந்தது.

வயிற்றில் ஒன்று இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எப்படி ஓடினாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இல்லை என்று தோன்றிய நாளில் வேகமாக ஓடினேன். இருக்கலாம் என்று தோன்றிய நாளில் மெதுவாக ஓடினேன். என் அறிவு அவ்வளவுதான்.

அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஜிம்மில் பம்பரத்திடம் மெதுவாகக் கேட்டேன். அவள் துள்ளினாள்.

"அக்கா, உடம்பு நல்லா டைட் ஆனா பீரியட்ஸ் நிக்கும்க்கா. பெரிய பெரிய ஓட்டக்காரிங்களுக்கெல்லாம் அப்படித்தான். கெத்துக்கா நீங்க!"

ஆக, குழந்தை இருந்தால் சந்தோஷம், இல்லையென்றால் கெத்து. இரண்டு பக்கமும் எனக்குத்தான் ஜெயம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் நடந்ததுதான் வேறு. நான் "வந்துடுச்சு" என்று மெசேஜ் அனுப்பவில்லை அல்லவா? அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாய்விட்டுக் கேட்டால் நல்லது கலைந்துவிடும் என்று பயம். நானும் ஒற்றைக்கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கட்டிலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டு, எதையும் பேசாமல், ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை நான் தூக்குகிற தண்ணீர் வாளியைக் கையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். தினமும் ராத்திரி ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து நின்றார். நான் இளைத்ததைப் பார்த்து மாமியாருக்கே மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாலை அவர் போனதும் தொட்டிச் செடிக்கு ஊற்றினேன். செடி செத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிம்மிலிருந்து திரும்பியபோது வீடெல்லாம் பெயின்ட் வாசனை. சாமான் போட்டுவைக்கிற சின்ன அறையிலிருந்து அவருடைய ஸ்பேனர் பெட்டி, கயிறு, பழைய மோட்டார் எல்லாம் வெளியே வந்திருந்தன. உள்ளே அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. ஒரு வேலையில பெயின்ட் மிச்சம் இருந்துச்சு. வீணாப் போக வேண்டாமேன்னு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

லிஃப்ட் வேலையில் எங்கேயாவது மஞ்சள் பெயின்ட் மிஞ்சுமா? இப்போதாவது சொல்லிவிடு, கோடு ஒன்றுதான் வந்தது என்று சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "அந்த மூலையில சரியா விழல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் கிரீம் கலர் பேன்ட் ஆர்டர் வந்தது. மாஸ்டர் எப்போதும்போல மீடியம் பேட்டர்ன் வெட்டி, ஒன்று தைத்து, என்னிடம் கொடுத்தார். போட்டுக்கொண்டு வந்தேன். இடுப்பில் ஒரு பிடி தொளதொள என்று நின்றது.

மாஸ்டர் புருவத்தைச் சுருக்கினார். "துணி இழுபடுது. இடுப்பைப் பிடிக்கணும்." குண்டூசி குத்தி, பேட்டர்ன் அட்டையில் அந்த அளவைக் குறைத்து வெட்டினார். அடுத்ததைத் தைத்தார்கள். அதற்குள் நான் இன்னும் கொஞ்சம் இளைத்துவிட்டேன். மறுபடியும் தொளதொள. மறுபடியும் குண்டூசி, மறுபடியும் கத்தரி. அவருக்குத் தன் கைமேல் சந்தேகம் வந்தது, துணி மேல் சந்தேகம் வந்தது, தையல்காரி மேல் சந்தேகம் வந்தது. என்மேல் மட்டும் வரவில்லை. மீடியம்தான் பொய் சொல்லாதே! நானும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு குண்டூசியும் எனக்கு ஒரு மெடல் மாதிரி இருந்தது.

அந்த சாம்பிள், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுடைய ஆபீஸுக்குப் பார்சலில் போனது. அவர்களுக்கும் அங்கே என்னைப் போலவே ஒரு மீடியம் இருக்கிறாள். ஒரு வாரம் கழித்து செய்தி வந்தது. அவளுக்கு பேன்ட் தொடைக்கு மேல் ஏறவே இல்லையாம்.

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அங்க உட்கார்ந்து அந்தப் பொம்பளை தின்னு பெருத்துட்டா, இங்க நம்ம பேட்டர்ன் தப்பாம்!"

"கட்டுப்பாடு வேணும் மாஸ்டர். எல்லாருக்கும் வருமா அது?" என்றேன் நான், உச்சுக் கொட்டிக்கொண்டு. கண்ணால் பார்த்திராத அந்தப் பெண்ணுக்காக நிஜமாகவே பரிதாபப்பட்டேன். பாவம், அவள் பாட்டுக்கு வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக இருந்தவள்.

மாஸ்டர் அந்த ஆபீஸ்காரர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொல்லி, சுவரில் மாட்டியிருந்த பழைய பேட்டர்ன் அட்டையை எடுத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெட்டியது. அதை மேஜையில் போட்டு, புது அட்டையை மேலே வைத்தார். புது அட்டையைச் சுற்றிப் பழையது விளிம்பு விளிம்பாக வெளியே தெரிந்தது. அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இங்க வா."

போனேன். டேப்பை இடுப்பில் சுற்றினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். தொடையைச் சுற்றினார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"துணி சுருங்கல. நீதான் சுருங்கிட்டே."

"டயட் மாஸ்டர்" என்றேன், பாராட்டுக்குக் காத்துக்கொண்டு.

"யாரைக் கேட்டுப் பண்ணே?" கம்பெனி சொத்தைத் திருடியவளைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். "நல்லவேளை, ஆர்டர் வெட்டல. வெட்டியிருந்தா அத்தனை பேன்ட்டும் பொம்மைக்குத்தான் போட்டிருக்கணும்! எனக்கும் புத்தி எங்க போச்சு, டேப்பை ஆணியில மாட்டிவச்சுட்டு உன்னை நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்ல... கட்டிங்ல இருக்கிற ஒரு பொண்ணு உங்க பக்கத்து வீடாமே. உனக்கு நல்ல செய்தின்னு உங்க மாமியார் சொன்னதா சொல்லிச்சு. நானும் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன். புள்ளத்தாச்சிக்கு இடுப்பு ஏறணும். உனக்கு இறங்கிக்கிட்டே போகுதே. கணக்கு இடிக்குதேம்மா."

அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்! அந்த வாளியும் பாலும் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. கணக்கு இடிப்பதும் உறைத்தது. இத்தனை மாதம் கோடு கோடாகப் பார்த்தும் நம்பாதவள், டேப்பில் பார்த்ததும் நம்பினேன். என் இடுப்பில் குழந்தை இல்லை. என் இடுப்பில் எதுவுமே மிச்சமில்லை.

வீட்டில் "நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறார். அத்தை பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டியிருக்கிறார். "நீங்க எதுக்கு அத்தை?" என்றேன். "நான் வராம எப்படி?" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினேன்.

டாக்டரம்மா டெஸ்ட் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு எதிரில் உட்கார வைத்து, "ஒரு நாளைக்கு என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

நான் ஒப்பித்தேன். பழக்கதோஷம், குரலில் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் டாக்டர். அப்புறம் ஓடுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நான் ரெண்டு மூணு கிலோன்னுதானே சொன்னேன்?"

"கூடக் கொஞ்சம் குறைஞ்சா நல்லதுன்னு..."

"உங்க உடம்புக்கு டயட்னா என்னன்னு தெரியாதும்மா. சாப்பாடும் வரல, நாளெல்லாம் ஓடவும் வேண்டியிருக்குன்னா, அது ஏதோ பஞ்சம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கும். பஞ்சத்துல யாராவது விருந்தாளியைக் கூப்பிடுவாங்களா? உயிர் பிழைச்சாப் போதும்னு மூளை முதல்ல இதைத்தான் நிறுத்தும். கருமுட்டை வர்றது நின்னுடும், பீரியட்ஸும் நின்னுடும். இப்படியே விட்டா எலும்பும் தேய ஆரம்பிக்கும். இது கெத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல." நான் பம்பரம் சொன்னதையும் ஒப்பித்திருந்தேன்.

அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "அப்போ... இல்லையா டாக்டர்?"

"இப்ப இல்லைம்மா. இவங்க ஒழுங்கா சாப்பிட்டு, ஓடறதை நிறுத்தினா எல்லாம் திரும்ப வரும். சில மாசம் ஆகலாம். அதுக்கப்புறம்தான் மத்தது."

அத்தை மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் பெயின்ட் இருந்தது. கிரீஸைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவர், அதை மட்டும் ஏனோ கழுவாமல் விட்டிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. குழந்தை வேண்டும் என்று கிளம்பி, குழந்தை வருகிற கதவை நானே உள்பக்கமாகத் தாழ் போட்டுவிட்டு, வெளியே நின்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு ஜிம்முக்கு மாதாமாதம் பணம் வேறு. டாக்டரம்மாவின் மேஜையில் தலையைச் சாய்த்து விக்கி விக்கி அழுதேன்.

வெளியே வந்ததும் அத்தை கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். நல்ல செய்திக்கு நர்ஸுகளுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தது. அதை என் கையில் திணித்தார்.

"தின்னு."

"அத்தை, நான்..."

"பேசாத. தின்னு."

வீட்டுக்காரர் லிஃப்ட் பட்டனை அழுத்தினார். நான் வழக்கம்போலப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். "ஏறும்மா. நீ ஏறினா ஓவர்லோடு ஆகிடாது, நான் உத்தரவாதம்" என்றார். ஏறினேன். கீழே வருவதற்குள் பாதி பாக்கெட் காலி. எனக்குப் பின்னால் யாரோ ஏறி, என் சட்டையெல்லாம் தூள் இருப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பட்டினி கிடப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். திரும்பச் சாப்பிடுவது அதைவிடக் கஷ்டம். மஞ்சள் கரு என் தட்டுக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் மனசுக்குள் ஒரு பம்பரம் சுற்றிக்கொண்டு "அக்கா, வேண்டாம்க்கா" என்றது. எடை மெஷினை வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாமான் பைகளை நிறுக்கத் தேவைப்படுகிறதாம். அத்தை உருளைக்கிழங்கு வறுத்தார். தட்டில் வைத்துவிட்டு, கத்துகிறேனா என்று தள்ளி நின்று பார்த்தார். நான் சட்டியோடு வாங்கிக்கொண்டேன். தொடைதான் முதலில் திரும்பி வந்தது. எனக்கு அதன்மேல் அப்படி என்ன விரோதம் இருந்தது என்று இப்போது ஞாபகமே இல்லை.

ஆனால் வரவேண்டியது வரவில்லை. ஒரு மாதம் போனது, இன்னொன்றும் போனது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தத் தடவை இருவருக்கும் தெரியும், மெசேஜ் வராததற்கு அர்த்தம் வேறு. ஸ்பேனர் பெட்டி மட்டும் ஹாலிலேயே கிடந்து எல்லோர் காலையும் இடித்தது. அதை மஞ்சள் அறைக்குள் திரும்பக் கொண்டுபோக ஒருவருக்கும் மனசு வரவில்லை. எதைக் கண்டால் மாதாமாதம் ஒப்பாரி வைத்தேனோ, அதையே வா வா என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கிரீம் கலர் பேன்ட் மறுபடியும் தைத்து வந்தது, பழைய அட்டை அளவில். மாஸ்டர் இப்போதெல்லாம் என்னை அளக்காமல் எதையும் போடவிடுவதில்லை. போட்டுக்கொண்டு வந்து நின்றேன். ஜிப் தடையில்லாமல் ஏறியது. இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார்.

"என் மீடியம் வந்துட்டா!" என்று அறைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "உட்காரு. எழுந்திரு. திரும்பு."

உட்கார்ந்தேன். அடிவயிற்றில் ஒரு வலி. எனக்குத் தெரிந்த வலி. எழுந்தேன். திரும்பினேன்.

"அய்யய்யோ" என்றார் மாஸ்டர், பின்னாலிருந்து. "இன்னிக்கு சாயங்காலம் பார்சல்ல போகணுமேம்மா அது!"

கையைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். மானம் போகிற விஷயம்தான். வேறொரு காலமாக இருந்தால் பூமி பிளந்து விழுங்கட்டும் என்றிருப்பேன். அன்று சாம்பிள் ரூம் நடுவில், அத்தனை தையல்காரிகளுக்கு முன்னால் சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மேஜையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை உருவி என் பக்கம் நீட்டினார். "கட்டிக்கோ, கட்டிக்கோ. பேன்ட் கிடக்கட்டும், வேற தச்சுக்கலாம்."

மெசேஜ் போதாது என்று தோன்றியது. போன் போட்டேன். அவர் ஏதோ கட்டடத்தின் அடிப்பள்ளத்தில் இருந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வந்துடுச்சு" என்றேன்.

மறுமுனையில் ஏதோ இரும்பு கீழே விழுந்து உருண்டது.

"நிஜமாவா?" என்றார்.

"நிஜமா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பள்ளத்தில் எல்லாச் சத்தமும் இரண்டு தடவை கேட்கும். "சரி, வை. நான் மேல வர்றேன்" என்றார்.

சாயங்காலம் அவர் கொண்டுவந்தது கப் இல்லை. கல்யாண வீட்டுக்கு வாங்குகிற மாதிரி ஒரு பெரிய டப்பா. அத்தை ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குடா இவ்வளவு பெரிசு?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது.

"எனக்கு வந்துடுச்சு அத்தை" என்றேன்.

அத்தை பழக்கத்தில் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். நான் மூடியைத் திறந்தேன். வெனிலாதான், இந்த மனுஷன் திருந்த மாட்டார். ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சமையலறை மேடையில் சாய்ந்தேன். ஹாலிலிருந்து அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறேனா என்று பார்த்திருப்பார். நான் இரண்டாவது கரண்டி அள்ளினேன்.

அத்தை ரிமோட்டை மறுபடியும் எடுத்து, முன்பு இருந்ததைவிட அதிகமாகச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். பிறகு எழுந்து, தனக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். டிவி காதைப் பிளந்தது. யாரும் அதைக் குறைக்கவில்லை.